2 லட்சம் யானை சீல் இருக்கும்போது மரபணுவைப் பற்றி ஏன் கவலை?

கேள்வி, ஜனவரி 11

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும், தும்பிக்கை மாதிரி மூக்குள்ள கடல் பாலூட்டி வடக்கு யானை சீல். அது ஒரு காலத்தில் இருபது, முப்பது என்ற அளவுக்குப் போய்விட்டது. இன்று 2 லட்சத்துக்கு மேல். வேட்டையை நிறுத்தினால் போதும், இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? மரபணுப் பன்மை, அதாவது ஓர் இனத்துக்குள் மரபணுக்களில் இருக்கும் வேறுபாடு, குறைந்தால் இனமே அழியும் என்று பாடப்புத்தகம் பயமுறுத்துவது மிகை. எண்ணிக்கை வந்துவிட்டது, கதை முடிந்தது. மறுப்பவர் சொல்லுங்கள்.

ஜனவரி 12

எண்ணிக்கை சரிதான். 2010 வாக்கில் போட்ட மதிப்பீடே 2 லட்சத்தைத் தாண்டியது. "கதை முடிந்தது" என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா கரைகளில் இவற்றைக் கொன்றது எண்ணெய்க்காக. தோலுக்கு அடியில் இருக்கும் தடித்த கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்குப் போடவும் நல்ல எண்ணெய் கிடைத்தது. கரையில் படுத்திருக்கும் யானை சீலால் வேகமாக ஓட முடியாது. ஈட்டியும் தடியும் போதும். 1880களில் இனமே போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

1892இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகப் போன சார்லஸ் டவுன்சென்ட் குழு, மெக்சிகோவின் குவாதலூப் தீவில் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டது. பத்துக்கும் குறைவு. அதில் ஏழை அருங்காட்சியகத்துக்காகக் கொன்றார்கள். எப்படியும் அழியப்போகிறது, மாதிரியாவது மிஞ்சட்டும் என்பது அவர்கள் நியாயம். இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரியும்.

அதே டவுன்சென்ட் 1911இல் மறுபடி போனபோது 125 போல இருந்தன. 1922இல் எண்ணியபோது 264. அந்த ஆண்டே மெக்சிகோ அரசு தீவைப் பாதுகாப்பிடமாக அறிவித்தது. இன்று கலிபோர்னியாவில் படுத்திருக்கும் ஒவ்வொரு யானை சீலும் அந்தத் தீவில் தப்பியவற்றின் வம்சம்தான்.

ஜனவரி 12, இரவு

ஒன்று சேர்க்க வேண்டும். பத்துக்கும் குறைவாகப் பார்த்தார்கள், அதிலும் ஏழைக் கொன்றார்கள் என்றால் இனம் எப்படிப் பிழைத்தது? இவை ஆண்டில் பெரும்பகுதி கடலில்தான் கிடக்கும். பெண்கள் ஏறக்குறைய பத்து மாதம், ஆண்கள் எட்டு மாதம். குட்டி போடவும் தோல் உரிக்கவும் மட்டும்தான் கரை. எந்த நாளில் வேட்டைக்காரன் வந்தாலும் ஒரு பகுதி ஆழ்கடலில் இருக்கும். அந்தப் பகுதிதான் இனத்தைக் காப்பாற்றியது. மனிதர் காட்டிய கருணை என்று இதில் எதுவும் இல்லை, 1922 வரை.

ஜனவரி 15

கலிபோர்னியாவின் பியத்ராஸ் பிளாங்காஸ் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன். இந்தப் பக்கம் வசிக்கிறவர்களுக்குத் தெரியும்: சான் சிமியோனுக்கு வடக்கே ஒன்றாம் நெடுஞ்சாலையை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு மரப்பலகை நடைபாதையில் நின்றால் கீழே கடற்கரை முழுக்க யானை சீல். 1990இல் இரண்டு டஜன் கூட இல்லை. 1992இல் முதல் குட்டி. இப்போது வருடத்துக்குப் பல ஆயிரம் குட்டிகள்.

இந்த இழைக்கு வேண்டிய விஷயம் அங்கே கண் முன்னால் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஆண் 2,000 கிலோவுக்கு மேல் இருக்கும். கழுத்தும் மார்பும் கடிபட்டுக் கடிபட்டு மரத்துப்போய், செந்நிறத்தில் வரிவரியாகத் தடித்திருக்கும். அது தும்பிக்கையை வாய்க்குள் மடித்து விட்டுக் கத்தும்போது பலகையில் நிற்கும் நம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. சுற்றிலும் பெண்கள், நாற்பதோ ஐம்பதோ. ஓரத்தில் இளைய ஆண்கள் பத்து, பதினைந்து படுத்து நோட்டம் பார்க்கின்றன. அதில் ஒன்று மெதுவாக ஊர்ந்து நெருங்கினால் பெரியது தலையைத் தூக்கும். பெரும்பாலும் அதுவே போதும், இளையது திரும்பி ஓடிவிடும். திரும்பாதபோதுதான் சண்டை. அந்த ஓட்டத்தில் குறுக்கே கிடக்கும் குட்டிகளைப் பார்ப்பதில்லை. ஒரு குட்டி அடியில் மாட்டியதையும், தாய் கத்திக்கொண்டே மணலை வாரி வீசியதையும் பார்த்தேன். குட்டி பிழைத்தது, நொண்டியது.

நீலச் சட்டை போட்ட தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்: கடற்காக்கைகள் ஒரே இடத்தில் கூடினால் அங்கே குட்டி பிறக்கிறது, நஞ்சுக்கொடிக்காகக் கூடுகின்றன என்று. சொல்லி முடிப்பதற்குள் இடது பக்கம் பறவைகள் கூடின. கறுப்பாக, தொளதொளவென்ற தோலோடு ஒரு குட்டி மணலில் விழுந்தது. தாய் திரும்பி முகர்ந்து, கத்தி, அது பதிலுக்குக் கத்த, இருவரும் குரலைப் பழகிக்கொள்கிறார்கள். இனி நான்கு வாரம் தாய் ஒன்றும் தின்னாது. தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். முப்பது, நாற்பது கிலோவில் பிறந்தது நூறைத் தாண்டிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கடற்கரையில் ஆண்கள் நூறு இருக்கலாம். அந்த வருடம் தகப்பன் ஆகிறவை மிகச் சில. பல ஆண்கள் வாழ்நாளில் ஒரு தடவை கூட இணை சேராமலே சாகும். ஆகவே தப்பியவை 25 போல என்று ஒரு கணக்கு சொன்னால் 25 பேரின் மரபணுவும் அடுத்த தலைமுறைக்குப் போயிற்று என்று அர்த்தம் இல்லை. மொத்தமே அத்தனைதான் என்றால் அதில் தகப்பன் ஒன்றோ இரண்டோதான். 2024இல் வந்த ஓர் ஆய்வு, முழு மரபணுத் தொகுதிகளை வைத்துக் கணக்கிட்டு, அந்தக் குறுகிய காலத்தில் மரபுக்கு உண்மையில் பங்களித்த எண்ணிக்கை 6 என்கிறது. பிழை வரம்பு 5 முதல் 7.5 வரை.

ஆறு. 2 லட்சத்தை அந்த ஆறின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 16

"ஆறு என்றால் எவ்வளவு மோசம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் வீடுகளை வைத்தே சொல்லலாம்.

மரபுக்கு உண்மையில் பங்களிக்கும் எண்ணிக்கை (பயனுள்ள எண்ணிக்கை) N என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு, அதாவது சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்வதன் அளவு, 1/(2N) ஏறும். N ஆறு என்றால் 1/12. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இந்த அளவு 1/16. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 1/8. யானை சீல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் நம் ஊரில் சொந்தத்தில் கட்டியவரின் பிள்ளை வெளியே கட்டினால் கணக்கு அதோடு அறுந்துவிடும். குவாதலூப்பில் வெளியே என்று ஓர் இடமே இல்லை. ஊர் முழுக்க ஒரே குடும்பம், தலைமுறைக்குத் தலைமுறை. அப்படி ஐந்து தலைமுறை போனால் இருந்த பன்மையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். இது சராசரிக் கணக்கு. அரிதாக இருந்த மரபணு வடிவங்கள் முதல் அடியிலேயே போய்விடும்.

எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது இங்கே உதவியது. ஏறத் தொடங்கிய பிறகு கரைவது பெரும்பாலும் நின்றுவிடும். போனது திரும்பாது, அவ்வளவுதான்.

ஜனவரி 21

கரைந்தது நிஜமாகவே கண்ணுக்குத் தெரிகிறதா என்றால், தெரிகிறது.

1974இல் பானல், செலாண்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 159 யானை சீல்களின் ரத்தப் புரதங்களைச் சோதித்தார்கள். 24 மரபணு இடங்கள். ஓர் இடத்தில் கூட ஒரு வேறுபாடும் இல்லை. அந்தக் காலத்தில் டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்க முடியாது, புரதம் மின்புலத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்பார்கள். 159 பட்டையும் ஒரே கோட்டில். அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது வேதிப்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று அவர்களுக்கே தோன்றியிருக்குமே என்று நினைத்தேன். ஆனால் அதே முறையில், தென்கடல்களில் வாழும் உறவு இனமான தெற்கு யானை சீலைச் சோதித்தபோது வேறுபாடு தெரிந்தது.

1993இல் ஹோல்செல் குழு தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வைப் பார்த்தது. வடக்கு இனத்தில் மொத்தம் இரண்டே வகை. இத்தனை பெருங்கூட்டமும் மரபுவழியில் இரண்டு பாட்டி வகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. தெற்கில் இருபதுக்கும் மேல்.

"ஒருவேளை வடக்கு இனம் ஆதியிலிருந்தே அப்படித்தானோ?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பழைய எலும்பில் இருந்தது. வேட்டைக்கு முந்தைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தவர்கள், இன்று இல்லாத வகைகள் அன்று இருந்ததைக் கண்டார்கள். இருந்தது, போயிற்று.

1892இல் அருங்காட்சியகத்துக்காகக் கொன்றதற்கு என் வயிறு எரிந்ததை மேலே எழுதியிருக்கிறேன். பழைய எலும்பு யாராவது பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்று இழப்பை அளக்கவே முடிகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு முதலாவதுதான் கனமாக இருக்கிறது.

ஜனவரி 29

இப்போது கேள்வி கேட்டவரின் பக்கம் இருக்கும் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பன்மை போனது சரி, அதனால் என்ன கெட்டுப்போயிற்று? கொழுத்துத் திரிகின்றனவே!

2024இல் இதைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டும் எதிர் எதிர்ப் பக்கம் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒன்று ஹாஃப்மன் குழு. அந்த "6" இவர்களுடையதுதான். உடல் எடை, கொழுப்பின் தடிமன், ஒட்டுண்ணி, நோய் என்று கால்நடை மருத்துவப் பதிவுகளோடு மரபணுவைப் பொருத்திப் பார்த்தார்கள். உட்கலப்பு கூடியவை மெலிந்திருக்கின்றனவா, அதிகம் நோய்ப்படுகின்றனவா? இல்லை. அப்படி எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. இதற்கு அவர்கள் சொல்லும் காரணம்: நெருக்கடி அவ்வளவு கடுமையாக இருந்ததால், ஒளிந்திருந்த கொடிய மரபணுக்கள் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்தவை அப்போதே செத்துக் களை எடுபட்டுவிட்டன. தப்பியவற்றின் சந்ததி அந்தச் சுமை இல்லாதது.

இன்னொன்று ஹோல்செல் குழு. இன்றைய 260 மரபணுத் தொகுதிகளையும் பழைய 8 தொகுதிகளையும் முழுதாக வாசித்தார்கள். தப்பியவை 25 போல என்பது இவர்கள் பக்கக் கணக்கு. இவர்கள் பார்த்தது குட்டி போடும் வயதுள்ளவற்றை. வேலை செய்யாமல் போன மரபணு வடிவங்கள் கூடியிருக்கின்றன. அதனால் ஆண், பெண் இரண்டின் இனப்பெருக்கமும் அடிவாங்கியிருக்கிறது. பெண்கள் இரை தேடிப் போகும் நெடும்பயணத்தில் கூடத் திறன் குறைகிறது. இவை அரை கிலோமீட்டர் ஆழத்துக்கு மூழ்கி மூழ்கி மாதக்கணக்கில் இரை தேடுகிறவை. அதில் சிறு குறை கூட அடுத்த குட்டியின் எடையில் தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு அவை முட்டிக்கொள்வதாகத் தோன்றவில்லை. கொல்லும் குறை சீக்கிரம் களையப்படும். கொஞ்சம் கொஞ்சமாக இளைக்க வைக்கும் குறை களையப்படாது, சிறு கூட்டத்தில் அது தற்செயலாகவே எல்லோருக்கும் பரவிவிடும். ஒரு குழு அளந்தது எடையும் நோயும். மற்றது அளந்தது எத்தனை குட்டி, எவ்வளவு இரை என்று. இரண்டு அளவுகோலும் வேறு.

பிப்ரவரி 2

மூன்று நாளாக இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. மேலே எழுதியதை இன்னும் இறுக்கமாகச் சொல்ல வேண்டும்.

"உட்கலப்பு கூடியவை மெலிந்தவையா?" என்று கேட்டால், கூடியது, குறைந்தது என்று இரண்டு ரகம் இன்று இருக்க வேண்டும். எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு இழந்திருந்தால் யாரை யாரோடு ஒப்பிடுவது? ஒரு குறை மொத்த இனத்துக்கும் பொதுவாகிவிட்டால் அது குறையாகவே தெரியாது, "யானை சீல் என்றால் இப்படித்தான்" என்று ஆகிவிடும். சரியான ஒப்பீட்டுக்கு 1800இல் வாழ்ந்த யானை சீல் வேண்டும். அது எத்தனை குட்டி போட்டது, எவ்வளவு ஆழம் மூழ்கியது என்று எலும்பு சொல்லாது. என்ன மரபணு இருந்தது என்று மட்டும் சொல்லும்.

"ஒன்றும் கெடவில்லை" என்பவரோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். கெட்டதா இல்லையா என்று பார்ப்பதற்கான அளவுகோலும் சேர்ந்துதான் 1880களில் போயிற்று.

பிப்ரவரி 9

நோய் பற்றிக் கேட்டவருக்கு. "பன்மை இல்லாததால் ஒரே வைரஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நடக்கலாம். ஆனால் இதை விதி மாதிரி சொல்லக் கூடாது.

2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தெற்கு யானை சீலைத் தாக்கியது. அந்தப் பருவத்துக் குட்டிகளில் 17,000க்கும் மேல் செத்தன. நூற்றுக்கு 95க்கு மேல். பல கிலோமீட்டர் கடற்கரையில் தாய்கள் செத்த குட்டியின் பக்கத்திலேயே படுத்திருந்த படங்கள் வந்தன, முழுதாகப் பார்க்க முடியாமல் மூடிவிட்டேன். செத்தது மரபணுப் பன்மை நிறைந்த தெற்கு இனம். பன்மை அங்கே கேடயமாக நிற்கவில்லை.

ஆகவே பன்மை இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும் என்று நான் வாதாடவில்லை. பன்மை என்பது இன்னும் வராத சூழலுக்கான கையிருப்பு. எந்தச் சூழல் வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

பிப்ரவரி 18

யானை சீலை விட்டுக் கொஞ்சம் வடக்கே போகலாம். கடல் நீர்நாய் கதையில் மனிதன் கை வைத்தது மரபணுவை எங்கே கொண்டுவிட்டது என்பது நன்றாகத் தெரியும்.

1741இல் ரஷ்யாவுக்காகக் கடல் பயணம் போன பெரிங்கின் கப்பல் உடைந்து, தீவில் குளிர்காலம் கழித்துத் தப்பியவர்கள் கொண்டுவந்த தோல்களால்தான் நீர்நாய்த் தோல் வியாபாரமே பிடித்தது. நீர்நாய்க்குக் கொழுப்பு கிடையாது, குளிரைத் தாங்குவது முடி மட்டும்தான். விலங்குலகிலேயே அடர்த்தியான முடி. அலூட்டியன் தீவு மக்களின் பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்களை வேட்டைக்கு அனுப்பினார்கள் ரஷ்ய வியாபாரிகள். 1911இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு நிறுத்தியபோது மிஞ்சியது ஓரிரு ஆயிரம், பதின்மூன்று துண்டுக் கூட்டங்களாக. கலிபோர்னியாவில் பிக் சர் பக்கம் ஐம்பது போல.

1960களில் அலாஸ்காவின் அம்சிட்கா தீவுக்கு அடியில் அமெரிக்கா அணுகுண்டு சோதிக்கத் திட்டமிட்டது. அங்கே நீர்நாய்கள் நிறைய. அணுசக்தி ஆணையத்தின் பணத்திலேயே ஒரு பகுதியைப் பிடித்து வேறு கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். தென்கிழக்கு அலாஸ்காவுக்கு 400 போல, அம்சிட்காவிலிருந்தும் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவிலிருந்தும் கலந்து. இன்று அங்கே 20,000க்கு மேல். இரண்டு ஊர் ரத்தம் கலந்ததால், அங்கங்கே தனியாகத் தப்பிய பழைய கூட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் மரபணுப் பன்மை குறையவில்லை. அம்சிட்காவிலேயே மிஞ்சியிருந்த நீர்நாய்களில் பல 1971 குண்டுச் சோதனையில் செத்தன.

அணுகுண்டுக்காக நடந்த இடமாற்றம் இனத்துக்கு இவ்வளவு நல்லது செய்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், அதே பெரிங் பயணத்தில் போன இயற்கையாளர் ஸ்டெல்லர் பார்த்து எழுதிய பெரிய கடல் பசு 27 வருடத்தில் அழிந்துவிட்டது. நம் பாக் நீரிணை ஆவுளியாவின் நெருங்கிய உறவு, எட்டு மீட்டர் நீளம். மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், மனிதன் போவதற்கு வெகு முன்பே அது தேய்ந்துகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்ததைக் கொன்று முடித்தோம். அதைப் படித்தபின் "பழங்காலத்திலேயே குறைந்துகொண்டிருந்தது" என்ற வரி எந்த ஆய்வில் வந்தாலும், அதை வேட்டைக்கு மன்னிப்பாகப் படிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 1

இழை கலிபோர்னியாவிலேயே சுற்றுகிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அரபிக்கடலுக்கு வாருங்கள்.

அங்கே ஒரு கூனல் திமிங்கிலக் கூட்டம் உண்டு. உலகத்துக் கூனல் திமிங்கிலங்கள் எல்லாம் துருவத்துக்கும் வெப்பக் கடலுக்கும் நடையாய் நடக்க, இது மட்டும் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடியிலிருந்து குளிர்ந்த சத்தான நீரை மேலே கொண்டுவருவதால் இரை அங்கேயே கிடைக்கிறது. ஓமான் கரையோரம் இன்று நூறுக்கும் குறைவு.

1966இல், சில வாரங்களுக்குள், சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தக் கூட்டத்தில் 240 போலக் கொன்றன. ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளை ஒட்டி. வெளியே பொய்க்கணக்கு கொடுத்தார்கள். அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த உயிரியலாளர் யூரி மிகாலேவ் பல வருடம் கழித்து 1997இல் உண்மைக் கணக்கை வெளியிட்டார். எத்தனை சினை, வயிற்றில் என்ன இரை என்பது வரை அவர் குறித்து வைத்திருந்ததுதான், இவை இங்கேயே இரை தின்று இங்கேயே குட்டி போடுகின்றன என்பதற்கு முதல் சாட்சி.

2014இல் வந்த மரபணு ஆய்வு, இவை 70,000 வருடம் போலத் தனியாகப் பிரிந்தே வாழ்கின்றன என்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலின் திமிங்கிலங்கள் தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் பருவம் ஆறு மாதம் மாறிப்போயிருக்கிறது. இவை சேருவது வட குளிர்காலத்தில், அவை சேருவது தென் குளிர்காலத்தில். பக்கத்து வீடாக இருந்தும் சம்பந்தம் நடக்காது. ஆகவே தெற்கில் கூனல் திமிங்கிலம் பல்லாயிரமாகப் பெருகியதால் இவற்றுக்கு ஒரு பலனும் இல்லை. "கூனல் திமிங்கிலம் மீண்டுவிட்டது" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு நூறு கூட இல்லாத இந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

நான் ராமநாதபுரம் கரைக்காரன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 நவம்பரில் ஓமானின் மசீரா விரிகுடாவில் ஒரு பெண் திமிங்கிலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். லுபான் என்று பெயர். அது அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து, மேற்குக் கரையோரம் இறங்கி, குமரியைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பிறகு திரும்பி ஓமானுக்கே போயிற்று.

அந்த வரைபடத்தை ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் வாழ்நாள் முழுக்க வள்ளத்தில் போனவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "வலையில மாட்டாம எப்படிடா அவ்வளவு தூரம் வந்துச்சு?" ஓமானில் படம் பிடித்து அடையாளம் கண்டவற்றில் மூன்றில் ஒன்றுக்கு வலையோ கயிறோ அறுத்த தழும்பு இருக்கிறது. கரையை ஒட்டி எத்தனை செவுள்வலை விரிந்து கிடக்கும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் மரபணுவைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு அவர் ஒரே வரியில் வேறு இடத்தில் கை வைத்துவிட்டார்.

மார்ச் 4

சித்தப்பா சொன்னதிலிருந்தே தொடர்கிறேன்.

கலிபோர்னியா வளைகுடாவின் வாகிட்டா கடற்பன்றி பத்து போலத்தான் மிச்சம். அதன் மரபணுத் தொகுதியைப் படித்த 2022 ஆய்வு, அது பல ஆயிரம் வருடமாகவே சிறு கூட்டம், கொடிய மரபணுச் சுமை குறைவு, செவுள்வலையை எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்கிறது. "மரபணு போய்விட்டது, இனி என்ன செய்து என்ன" என்று கை கழுவுகிறவர்களுக்கு இது பதில். வலைதான் கொல்கிறது. யானை சீலிடம் "மரபணுவைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்பவரும், வாகிட்டாவிடம் "மரபணு போச்சு, விட்டுவிடு" என்பவரும் கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் காரணம் தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கிழக்கு பசிபிக் சாம்பல் திமிங்கிலத்தையும் பாருங்கள். 1994இல் அருகிவரும் இனப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். 2016இல் 27,000. பிறகு சில வருடங்களில் பாதியாகச் சரிந்தது. ஆர்க்டிக்கில் இரை குறைந்து மெலிந்து செத்தவை நிறைய. எண்ணிக்கை ஒரு வருடத்து நிலவரம், அவ்வளவுதான்.

மார்ச் 15

கேள்வி கேட்டவரே திரும்பி வந்து, "சரி, போன பன்மையைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

யானை சீலுக்கு இல்லை. கலப்பதற்கு வேறு கூட்டம் கிடையாது, எல்லாம் குவாதலூப் வம்சம். தெற்கு யானை சீல் தனி இனம். புதிய மாற்றங்கள் தாமாகத் தோன்றிச் சேர ஆயிரக்கணக்கான தலைமுறை ஆகும். கூட்டம் பெரிதாக இருப்பது இதற்கு உதவும், அதனால் 2 லட்சத்தைக் காப்பாற்றுவது முக்கியம்தான். உங்கள் எண்ணிக்கைக்கு நான் கொடுக்கும் மதிப்பு அது.

நீர்நாய்க்கு உண்டு. 1970, 71இல் ஆரிகன் கரையில் 93 அலாஸ்கா நீர்நாய்களை விட்டார்கள். பத்து வருடத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. வடக்கே இருக்கும் அலாஸ்கா வம்சத்துக்கும் கலிபோர்னியாக் கூட்டத்துக்கும் நடுவே இன்றும் நீண்ட வெற்றிடம் அது. கலிபோர்னியாவில் 3,000 போல இருப்பவை வடக்கே பரவ முயன்றால் வெள்ளைச் சுறா கடித்துப் போடுகிறது, தின்பது கூட இல்லை. தாமாக நடந்து போய்ச் சேராது. 2022இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை, வடக்கு கலிபோர்னியாவிலும் ஆரிகனிலும் மறுபடி விடுவது சாத்தியம்தான் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருக்கிறது. எங்கேயிருந்து பிடித்து விடுவது என்பது அதில் பெரிய கேள்வி. நண்டும் கிளிஞ்சலும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் எதிர்க்கிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது, நீர்நாய் தினம் தன் எடையில் கால்வாசி தின்னும்.

என்னைக் கேட்டால், விடுவதாக இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து விட வேண்டும். அலாஸ்காவிலிருந்து கொஞ்சம், கலிபோர்னியாவிலிருந்து கொஞ்சம். அந்தக் கரைக்குப் பொருந்தியவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தென்கிழக்கு அலாஸ்காவில் கலந்து விட்டது பலித்திருக்கிறது, ஆரிகனில் ஒரே இடத்திலிருந்து கொண்டுவந்தது பலிக்கவில்லை. இரண்டு உதாரணத்தை வைத்து விதி சொல்ல மாட்டேன். ஆனால் பணமும் பிடிவாதமும் ஒரு தடவைக்குத்தான் கிடைக்கும் என்றால் கலந்தே விடுங்கள் என்பேன். கரையோரப் பழங்குடியினரின் பழைய குப்பைமேடுகளில் கிடைத்த நீர்நாய் எலும்பிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்திருக்கிறார்கள். அதை விரிவாகப் படித்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், அங்கே முன்பு வாழ்ந்தவை எந்தப் பக்கத்துச் சொந்தம் என்பது இந்த முடிவுக்கு வேண்டும்.